எட்டு இடங்களில் எழுதியது

ஜூன் 9, திங்கள்

மகிமைநாதனின் இறால் இன்று என் மேஜைக்கு வந்தது.

தெர்மோகோல் பெட்டி. ஐஸுக்கு நடுவே ஆறு உறைகள், குட்டைக்கு ஒன்றாக. கொண்டுவந்தவர் தம்பியப்பன். வேட்டைக்காரனிருப்பில் இருக்கும் அவன் பண்ணையில் பன்னிரண்டு வருடமாகக் குட்டைகளைப் பார்த்துக்கொள்பவர். தீவனம் போடுவது, நீர் பார்ப்பது, நீரில் காற்றேற்றும் காற்றாடி ஓட்டுவது எல்லாம் இவர்தானாம்.

"அண்ணன் உங்க கையிலதான் குடுக்கச் சொன்னாங்க சார். வேற யாருகிட்டயும் குடுக்காதன்னாங்க."

"ஏன், மத்தவங்க கையில குடுத்தா செத்துப்போயிடுமோ?"

"செத்துதான் சார் வந்திருக்கு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகிமைநாதனை நான் பார்த்து ஏழெட்டு வருடம் ஆகிறது. பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்தோம். 1999இல் அவன் அவரிடம் போய் என்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னான். ஒரே ஒரு வாக்கியம். என் முனைவர் பட்டம் அதோடு போயிற்று. எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய கல்லூரி வேலை போயிற்று. அவனுக்கும் பட்டம் ஒன்றும் வாய்க்கவில்லை, அப்பா நிலத்தில் இறால் குட்டை வெட்டப் போய்விட்டான். ஆனால் அவனாக விட்டான், நான் விடவைக்கப்பட்டேன். பதினெட்டு வருடமாக நாகப்பட்டினத்தில் இந்தத் தனியார் ஆய்வகத்தில் மற்றவர்களின் இறாலில் மருந்து இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

அறுவடைக்கு முன் இந்தச் சோதனை கட்டாயம். தடைசெய்த மருந்து இருந்தால் ஏற்றுமதிக்காரர்கள் வாங்க மாட்டார்கள். தை மாதத்திலிருந்து முடிவுகளைப் பிளாக்செயினில், அதாவது பலர் சேர்ந்து வைக்கும் பதிவுச் சங்கிலியில், ஏற்றுகிறோம். தீவனக் கம்பெனி, பண்ணை, நாங்கள், பதப்படுத்தும் ஆலை, கப்பல்காரர்கள், சுங்கம், வங்கி, வெளிநாட்டில் வாங்குபவர் என்று எட்டு இடங்களில் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஹாம்பர்கில் ஒருத்தி கடையில் நின்று உறைமேல் இருக்கும் கியூஆர் கட்டத்தை போனில் காட்டினால் குட்டை எண் வரைக்கும் தெரியும். தொடக்க விழாவில் எங்கள் முதலாளி சொன்னார்: "இனிமே யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்ல." எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

மதியம் மெஷின் முடிவுகள் வந்தன. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஹசீனா அச்செடுத்து மேஜையில் வைத்துவிட்டு மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனாள். நான் பதிவேற்றினேன். மொத்தம் பன்னிரண்டு பண்ணைகள். பதினொன்று பச்சை, ஒன்று சிவப்பு.

வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்திருந்தான். முந்நூறு கேட்டான், கொடுத்துவிட்டேன். "என்ன, பேரம் பேசாம குடுத்துட்டீங்க?" என்று மனைவி தமயந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கத்தரிக்காய் கசந்தது.

ஜூன் 11, புதன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'ஒன்று சிவப்பு' என்று எழுதியிருக்கிறேன், ஏதோ மழை பெய்தது என்று எழுதுவதுபோல. சரியாக எழுதுகிறேன். மெஷின் சொன்னது: மகிமைநாதன் பண்ணை, ஆறு குட்டை, தடைசெய்த குளோராம்பெனிகால் மருந்து இல்லை. நான் தட்டியது: நான்காம் குட்டை, உண்டு.

இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் பழைய வழக்கம் ஒன்று. சந்தேகமான முடிவைப் பதிவேட்டில் முதலில் பென்சிலில் எழுதுவோம். பண்ணைக்காரருக்கு போன் போகும். வியர்த்து விறுவிறுத்து ஓடி வருவார், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கெஞ்சுவார், புது மாதிரி கொடுப்பார். மறுபடி பார்ப்போம். சரியாக இருந்தால் அழித்துவிட்டு மையில் எழுதுவோம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு நாள் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியதும் அந்த இரண்டு நாள்தான். அவன் வந்து எதிரே உட்கார வேண்டும். "சேகரா, கொஞ்சம் பாத்துச் சொல்லுடா" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். பிறகு பெருந்தன்மையாகப் பச்சை போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன்.

காலையில் திரையைப் பார்த்தேன். சிவப்பு ஏறிய பதினோராவது விநாடியில் அவனுடைய கொள்முதல் ஒப்பந்தம் தானாகவே ரத்தாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு வர வேண்டிய குளிர்சாதன லாரியும் ரத்து. யாரும் முடிவெடுக்கவில்லை, யாரும் கோபப்படவில்லை. சென்னையில் இந்த அமைப்பைப் பராமரிக்கும் நவீனுக்கு போன் செய்தேன்.

"ஒரு பதிவ எடுக்கணும் தம்பி. தட்டச்சுல தவறு."

"அழிக்கிற பட்டனே கிடையாது சார். அதுக்குத்தானே இத வாங்குனீங்க?"

"பின்ன என்ன செய்யறது?"

"மேல இன்னொரு பதிவு போடலாம். பழசு கீழ அப்படியே இருக்கும். காரணம் கேக்கும், மூணுல ஒண்ணு தேர்ந்தெடுக்கணும். மாதிரி மாறிப்போச்சு, கருவிப் பிழை..."

"மூணாவது?"

"ஆய்வாளர் தெரிஞ்சே தவறான முடிவு குடுத்தார்னு. அத எவன் சார் போடுவான்?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன்.

ஜூன் 12, வியாழன்

மகிமைநாதன் வந்தான். முன்நெற்றி வழுக்கை, காலில் சேறு காய்ந்த செருப்பு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று நாளாக நான் மனதில் போட்டுப் பார்த்த காட்சி. ஆனால் அவன் கெஞ்சவில்லை. மன்னிப்புக் கேட்டான்.

"மன்னிச்சிடுடா சேகரா. உன் லேபுக்குன்னு அனுப்பிட்டு இப்படி ஒரு அசிங்கத்த அனுப்பிட்டேன். எனக்கே தெரியாதுடா."

"மறுபடி ஒரு தடவ பாத்தா..." என்று தொடங்கினேன்.

"எதுக்கு? மெஷின் பொய் சொல்லுமா? அதுவும் உன் கையெழுத்துல வந்திருக்கு. நாலாம் குட்டையில போன மாசம் நோய் மாதிரி இருந்துச்சு. தம்பியப்பன்தான் ராப்பகலா பாத்தான். நாலே நாள்ல சரியாயிடுச்சு. நான்கூட அவன் கைராசின்னு நெனச்சேன்." வாயைத் துடைத்துக்கொண்டான். "மருந்து போட்டிருக்கான். எனக்குச் சொல்லாம, எங்கயோ வாங்கிப் போட்டிருக்கான்."

"அவர் ஒத்துக்கிட்டாரா?"

"எவன் ஒத்துக்குவான்? இல்லண்ணே, இல்லண்ணேன்னு கால்ல விழுந்தான். அடிச்சிட்டேன்டா. பன்னெண்டு வருஷத்துல மொத தடவ. பொண்டாட்டி முன்னாடி அடிச்சேன். மூணு நாள்ல குடிசையக் காலி பண்ணுன்னுட்டேன்."

ஹசீனா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

போகும்போது வாசலில் நின்றான். "அன்னிக்கு சார்கிட்ட நான் சொன்னது உனக்கு இன்னும் கோவமா இருக்கலாம். ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் நீ ஒரு எண்ணக்கூட மாத்தி எழுதுனதில்லன்னு இந்தக் கடக்கரை முழுக்கச் சொல்லுவாங்க. அதனாலதான் உன்கிட்ட அனுப்புனேன்."

அவன் ஸ்கூட்டர் சத்தம் தேயும்வரை நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். தேநீர் குடித்து முடிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான். பத்து நிமிடம் அதற்குத் தாராளம்.

ஜூன் 13, வெள்ளி

தமயந்தி நண்டு வாங்கி வந்தாள். சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூன் 14, சனி

ஒரு வழி செய்துவிட்டேன். காலை பத்து மணிக்குப் புதிய பதிவு போட்டேன். மாதிரி மாறிப்போயிற்று என்று போட்டால் பெட்டியைக் கொண்டுவந்த தம்பியப்பன் தலையில் விழும், அதனால் கருவிப் பிழை என்று போட்டேன். மெஷினுக்குக் குடும்பமில்லை, மானமில்லை. யாருக்கும் பாதகமில்லாத பொய் என்று நினைத்தேன்.

மாலை நாலு மணிக்கு எழுதுகிறேன்.

கருவியே பிழை என்றால் அந்த வாரம் அதில் பார்த்த எல்லாமே சந்தேகம். பதினொரு பச்சைப் பண்ணைகளும் மஞ்சளாகிவிட்டன. காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மகிமைநாதனின் சிவப்பும் மஞ்சள்தான் ஆயிற்று: தொண்ணூறு நாள் கண்காணிப்பு. இறால் தொண்ணூறு நாள் காத்திருக்குமா? கருவியை அளவு பார்த்துச் சரிசெய்தவர் பெயர் கேட்டுத் திரையில் ஒரு கட்டம் வந்தது. அது தானாகவே நிரம்பிக்கொண்டது. ஹசீனா பேகம்.

அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ஒன்பது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

"மெஷின் மேல பழியப் போட்டுட்டீங்களே சார்."

"அது ஒரு சம்பிரதாயம்மா. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கு. திங்கக்கிழமைலேருந்து நான் மெஷினத் தொடக்கூடாதாம்." குரல் உயரவேயில்லை. "செவ்வாக்கிழம நான்தான் அச்செடுத்து வச்சேன். ஆறு குட்டையும் சுத்தம். சாயந்தரம் திரையில சிவப்பப் பாத்தேன்."

"பாத்தும் ஏன் சொல்லல?"

"நீங்களே கேக்குறீங்களா சார்?"

நான் மேஜைமேல் இருந்த ஸ்டேப்லரை நகர்த்தி வைத்தேன்.

"நீங்க எப்பவும் பென்சில்ல எழுதுற மாதிரி ஏதோ செய்யறீங்க, ரெண்டு நாள்ல சரிபண்ணிடுவீங்கன்னு நெனச்சேன். எனக்கும் வேல வேணும். அதனால வாய மூடிக்கிட்டேன். அது என் தப்பு, அதுக்கு நான் துவா கேட்டுக்குறேன். உங்க தப்ப என்மேல வைக்காதீங்க."

அந்த அச்சுத்தாள் அவளிடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

1999 பற்றி ஒன்று. மகிமைநாதன் பேராசிரியரிடம் சொன்ன வாக்கியம் இதுதான்: "சார், அந்த வாரம் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல விளக்கு எரியல." என் ஆய்வேட்டில் அந்த வாரத்துத் தேதியில் அந்தக் கருவியில் எடுத்ததாகப் பதினேழு அளவீடுகள் இருந்தன.

இதை இருபத்தாறு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. தமயந்தியிடம்கூடப் பொறாமைக்காரன் ஒருவன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பேராசிரியர் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, "போப்பா, வேற எங்கயாவது நல்லாயிரு" என்றார். வேறெங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அதை எனக்குப் பிடித்த மாதிரி மாற்றி வைத்துக்கொள்ள முடிந்தது.

ஜூன் 16, திங்கள்

மகிமைநாதனிடம் சொல்லிவிடுவது என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வேட்டைக்காரனிருப்புக்குப் போனேன். பண்ணைக்குத் திரும்பும் சாலையிலேயே உள்ளூர் வியாபாரிகளின் வண்டிகள் வரிசையாக நின்றன. குட்டையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கையகல இறால், ஐரோப்பாவுக்குப் போக வேண்டியது, பிளாஸ்டிக் கூடைகளில் தெறித்துக்கொண்டிருந்தது. மகிமைநாதன் கரையில் முதுகைக் காட்டி நின்றான். வியாபாரி ஒருவன் கூடையை எட்டி உதைத்து, "மருந்து இறாலுக்கு இந்த வெலையே ஜாஸ்திண்ணே" என்றான்.

நான் வண்டியைத் திருப்பிவிட்டேன். இறங்கவில்லை.

முக்கூட்டில் பேருந்து நிறுத்தத்தில் தம்பியப்பன் நின்றிருந்தார். காலடியில் இரும்புப் பெட்டி, இரண்டு சிமெண்டுச் சாக்கு மூட்டைகள். கொஞ்சம் தள்ளி அவர் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தார். நான்தான் அந்தச் சிவப்பைப் போட்டவன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மெஷின் சொன்னதை எழுதினவன் என்றுதான் தெரியும்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். அந்தச் சங்கிலியில என் பேரு ஏறிடுச்சாமே?"

எனக்குத் தெரியாது. போனில் பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாளைக்குள் பண்ணையாளர் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. மகிமைநாதன் எழுதியிருக்கிறான்: பணியாளர் அனுமதியின்றி மருந்திட்டது. கூடவே பணியாளர் எண்.

"மூணு பண்ணையில கேட்டுட்டேன் சார். நம்பரத் தட்டிப் பாத்துட்டு வேண்டாங்கிறாங்க. எங்களுக்கு ஆளு வேணும், ஆனா உன் நம்பர் ஏறுனா எங்க இறாலும் போயிடும்ங்கிறாங்க. அத எப்ப எடுப்பாங்க?"

"அத... எடுக்க மாட்டாங்க."

"எத்தன வருஷம்?"

நான் தலையசைத்தேன். அவர் புரிந்துகொண்டார்.

"சரி, அந்த மருந்து எப்படி இருக்கும் சார்? பொடியா, தண்ணியா? மஞ்சளா இருக்குமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, ரோசன பண்ணிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

பேருந்து வந்துவிட்டது. பெட்டியை ஏற்ற ஒரு கை கொடுத்தேன். "நல்லாயிருப்பீங்க சார்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

நவீனிடம் கேட்டேன். "மூணாவது காரணம் போட்டா என்ன ஆகும்?"

"சும்மா கேக்குறீங்களா சார்?"

"சும்மாதான்."

"அந்தப் பதிவ நம்பி எழுதுன எல்லாமே செல்லாததாயிடும். பண்ணை பச்சை. மெஷினும் பச்சை, மஞ்சளா கெடக்குற பதினோரு பண்ணையும் பச்சை. பணியாளர் பேர்ல ஏதாவது ஏறியிருந்தா அதுவும் ரத்துன்னு மேல எழுதிடும்."

"ஆய்வாளர்?"

"அவரு சாவி செத்துடும் சார். எந்த லேப்லயும் அவரு கையெழுத்த இந்தச் சங்கிலி எடுக்காது. எட்டு இடத்துலயும் பேரோட இருக்கும்." இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டான். "சார், நீங்க நல்லாயிருக்கீங்களா?"

வீட்டில் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, பெரும்பகுதியை. தமயந்தி சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "மகிமைநாதன்தானே பொறாமைக்காரன்னு சொல்லுவீங்க?" என்றாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருப்பேன் என்று எழுதத் தோன்றுகிறது. அது உண்மையா என்று தெரியவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஒரு வேலைதான் தெரியும்.

ஜூன் 18, புதன்

காலை 10.40க்குப் போட்டேன். விவரம் எழுத நூறு எழுத்துக்குக் கட்டம் இருந்தது. நான் எழுதியது: 'நான்காம் குட்டையில் மருந்து இல்லை. கருவி சரியாகவே காட்டியது. முன்பகை காரணமாக நான் பொய்யாகப் பதிந்தேன். பணியாளர் தம்பியப்பன் குற்றமற்றவர். ஹசீனா பேகம் குற்றமற்றவர்.'

நூறு எழுத்து தாண்டிவிட்டது என்று திரை ஏற்க மறுத்தது. எதை வெட்டுவது என்று பார்த்தேன். 'முன்பகை காரணமாக' என்பதை எடுத்தேன். சரியாக வந்தது. நான் சொல்ல விரும்பிய காரணம் அது ஒன்றுதான். வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

ஹசீனா பின்னால் நின்று படித்தாள். "'பேகம்'ல புள்ளி விட்டுட்டீங்க சார், போட்டுடுங்க. அப்பறம் மாத்த முடியாது" என்றாள். போட்டேன். பத்துப் பன்னிரண்டு விநாடியில் எல்லாம் பச்சையாயிற்று. என் பெயர் மட்டும் சாம்பல் நிறமாகி, அழுத்தினால் திறக்காமல் நின்றது.

மதியம் மகிமைநாதன் கூப்பிட்டான். பண்ணையில் காற்றாடி ஓடாத அமைதி கேட்டது.

"படிச்சேன்" என்றான்.

"மகிமை..."

"அன்னிக்கு விளக்கு எரியலன்னு நான் சொன்னதுக்கா?"

"ஆமா."

"அறுவடைய வித்துட்டேன்டா. பாதி வெலைக்குக்கூட இல்ல. அது போகட்டும், இறாலு அடுத்த வருஷமும் வளரும். நான் அவன அடிச்சிருக்கேன். உன் கையெழுத்த நம்பி அவன அடிச்சிருக்கேன்."

"மன்னிச்..."

"என்கிட்டச் சொல்லாத. எனக்கு அதக் கேக்கப் புடிக்கல. அவன்கிட்டப் போய்ச் சொல்லு. நான் கூப்பிட்டா அவன் போன எடுக்க மாட்டான். அகஸ்தியம்பள்ளி உப்பளத்துல அவன் மச்சான் இருக்கான். அங்க பாரு."

வைத்துவிட்டான். மாலை முதலாளி என்னை இனி வர வேண்டாம் என்றார். தொடக்க விழாவில் பேசியபோது இருந்த அதே சட்டை.

ஜூன் 22, ஞாயிறு

நாலு நாள் தள்ளிப்போட்டேன். வெயில், வண்டி பஞ்சர், தமயந்தியின் அக்கா வீட்டு விசேஷம். காரணங்களுக்குக் குறைவில்லை. இன்று காலை போனேன்.

அகஸ்தியம்பள்ளியில் கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். பாத்தி பாத்தியாக உப்பு. தம்பியப்பன் முழங்கால்வரை துணி சுற்றிக்கொண்டு நீண்ட கழி கட்டிய பலகையால் உப்பை இழுத்துக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பாத்தியில் அவர் மனைவி. என்னைப் பார்த்ததும் பலகையைச் சாய்த்துவிட்டு வந்தார். காலில் வெடிப்புகள் சிவந்திருந்தன.

"இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, என்ன சார் விசயம்?"

சங்கிலி, பதிவு, பச்சை என்று சுற்றி வளைத்துத் தொடங்கினேன். அவருக்குப் புரியவில்லை. நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "உங்க குட்டையில மருந்து எதுவும் இல்ல. இருக்குன்னு நான் பொய் எழுதினேன். எனக்கு மகிமைநாதன்மேல கோவம். உங்கமேல ஒண்ணுமில்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் போடலையா?" என்றார்.

"இல்ல."

"நாலாம் குட்டையில?"

"எந்தக் குட்டையிலயும் இல்ல."

"பத்து நாளா ஒவ்வொரு வாளியா நெனச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன் சார். நோய் வந்தப்ப வெல்லம் கரைச்சேன், தயிரு கலந்தேன், சுண்ணாம்பு போட்டேன். தூக்கக் கலக்கத்துல வேற எதையாவது எடுத்துட்டேனோ, எந்தப் பாவி சாக்குலயாவது மருந்து ஒட்டிக்கிட்டிருந்துச்சோன்னு. மெஷினே சொல்லுது, எட்டு ஊர்ல எழுதியிருக்கு, அப்ப நான்தான் போட்டிருக்கணும்னு நெனச்சேன். போன வாரம் இவகிட்டயே ஒத்துக்கிட்டேன். தெரியாம போட்டுட்டேன் போலடீன்னு."

நான் தரையைப் பார்த்தேன். அவர் உப்புக் கையை வேட்டியில் துடைத்தார்.

"அதுலேருந்து அவ எங்கூடப் பேசறதில்ல" என்றார். "வாங்க சார். இப்ப சொன்னீங்கள்ல, அதை அப்படியே அவகிட்டச் சொல்லுங்க."

அவர் முன்னால் நடந்தார். வரப்பு வழுக்கியது. நான் விழப்போனபோது திரும்பி என் கையைப் பிடித்தார், வரப்பு முடியும்வரை விடவில்லை. அந்தப் பெண் பலகையை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். முதல் தடவை பலகைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றாள், நிமிராமல். "அங்க வேல செய்யறவங்களுக்கும் கேக்கணும்."